பின்னறைக் கட்டில்

புளியரையில் வேலாண்டியின் வீட்டுக்கு நடுவே மாநில எல்லை ஓடியது. ஒரு கட்டில் கொள்ளும் பின்னறை மட்டும் அடுத்த மாநிலம். எந்தப் பக்கம் உறங்குகிறோமோ அந்தப் பக்கத்து வைத்தியம்தான் கிடைக்கும். அடுத்த மாநிலத்தார் கையில் கட்டிவிட்ட பட்டை, யார் எங்கே உறங்குகிறார் என்று கவனித்துக்கொள்ளும்.

மருமகள் செண்பகம் திடீரென்று தான் படுத்துவந்த பின்னறையை அவருக்குக் கொடுத்தது வேலாண்டிக்குச் சரியாகப் படவில்லை.

"ஏளா, நான் கண்ணை மூடுனா வெளிய தெரியக்கூடாதுன்னுதான் இங்க போட்டிருக்கியா?"

"சும்மா படுங்க மாமா."

அவர் பட்டையில் பச்சை விளக்கு எரியத் தொடங்கியது. வேவு பார்க்கிறாள் என்று நினைத்தார். நெஞ்சுவலி மாத்திரை தானாக வாசலுக்கு வந்தபோதும் முகர்ந்து பார்த்துத்தான் விழுங்கினார். கஞ்சி கொடுக்கும்போது அவள் முந்தானையால் கையை மூடிக்கொள்வது வேறு உறுத்தியது.

"என்னத்த மறைக்கே?" என்று ஒருநாள் முந்தானையை விலக்கினார். அவள் பட்டை அணைந்து கிடந்தது.

"உன் சர்க்கரை ஊசி?"

"முன்பக்கத்துக்கு வராதுல்லா மாமா. நம்ம பக்கத்து ஆஸ்பத்திரில பேர் குடுத்திருக்கேன், கூப்பிடுவாங்க."

வேலாண்டி எழுந்து கட்டிலைச் சுவரோடு சுவராக நெருக்கித் தள்ளினார். அவளுக்கு ஒரு பாய் விரிக்கக்கூட இடம் வரவில்லை.