கை நிறையத் தங்கம்

"இன்னியோட ஒரு வருஷம் முடிஞ்சுதும்மா. சொல்லு, உன் வீட்டுக்குத் தங்கம் வந்துதா, இல்லையா?"

கும்பகோணத்திலிருந்து போனில் கேட்டவர் ருக்மிணியின் அப்பா கிருஷ்ணஸ்வாமி. பெரிய நகைக்கடை முதலாளி. மாப்பிள்ளை ராம்கியோ, ஒரு குந்துமணித் தங்கம்கூட வேண்டாம் என்று சொல்லி, தாலிக்கயிற்றோடு அவளைப் புனேவுக்கு அழைத்து வந்தவன். அந்தக் கோபத்தில் போன விஜயதசமியன்று அப்பா ஒரு கெடு வைத்தார். ஒரு வருஷத்துக்குள் வீட்டில் தங்கம் சேராவிட்டால், இரண்டு பேரும் ஊருக்கு வந்து அவர் கடையில் உட்கார்ந்துவிட வேண்டும். ருக்மிணியும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டாள்.

இப்போது புனேவை ஒட்டிய தேஹு ரோட்டில் இருக்கும் இந்த ஒற்றை அறை வீட்டை விட்டுப் போக அவளுக்குத் துளியும் மனமில்லை.

"அது வந்துப்பா..." என்று அவள் இழுக்கும்போதே வாசலில் குரல் கேட்டது.

"ருக்மிணி! சோன க்யா, சோன்யாசார்க்க ராஹா!"

பக்கத்து வீட்டு ஷிண்டே காக்கு. இரண்டு கையையும் நீட்ட வேண்டியிருந்ததால், ருக்மிணி போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்தாள். காக்கு கை நிறையக் கொடுத்து, கன்னத்தையும் தட்டிவிட்டுப் போனாள்.

"யாரும்மா அது? என்ன சொன்னாங்க?"

"பக்கத்து வீட்டு அத்தைப்பா. தங்கம் வாங்கிக்கோ, தங்கமா இருன்னு சொன்னாங்க."

"குடுத்தாங்களா?" அப்பாவின் குரல் ஏறியது.

ருக்மிணிக்குக் குறும்பு எட்டிப் பார்த்தது. "ஆமாப்பா. தசராவுக்கு இங்க எல்லாரும் எல்லாருக்கும் குடுப்பாங்க."

"எத்தனை கிராம்?"

"நிறுக்கலப்பா. கை நிறைய இருக்கு. இருங்க, தாம்பாளத்துல கொட்டறேன்."

கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அதே வரிசையில் குடியிருக்கும் ஸ்டெல்லா டீச்சர் வந்துவிட்டார்.

"இந்தா ருக்கு, தங்கம்! டைபாய்டுல கிடந்தப்ப எலும்பும் தோலுமா இருந்தே, இப்பதான் மூஞ்சில களை வந்திருக்கு!"

"பத்து நாள் கஞ்சி வச்சுக் குடுத்தது நீங்கதானே டீச்சர்!"

"டைபாய்டா? எனக்குச் சொல்லவே இல்லையே!" என்றார் அப்பா.

"நீங்க கவலைப்படுவீங்கன்னுதான்ப்பா. இவங்க எல்லாரும் பாத்துக்கிட்டாங்க."

எதிர் வரிசைப் பிள்ளைகள் ஆறு பேர் கூச்சலோடு வந்து கொட்டிவிட்டு, ஆளுக்கொரு லட்டோடு ஓடினார்கள். அடுத்து பின் வீட்டு பாத்திமா.

"தங்கம் இருக்கட்டும், சாப்டியா நீ? மத்தியானத்துலேர்ந்து பாக்கறேன், நின்னுக்கிட்டே இருக்க."

"சாப்டேன் அக்கா. ச்சூ! போ அந்தப் பக்கம்! அக்கா, உங்க ஆடு உள்ள வரப் பாக்குது."

கடைசியாக ராம்கி வந்தான். தளேகாவ் தொழிற்சாலையில் மெஷினுக்குப் பூஜை போட்டுவிட்டு லோக்கல் ரயிலில் கசங்கி வந்திருந்தான். போன் பேசிக்கொண்டிருப்பதை அவன் கவனிக்கவில்லை. அவள் உள்ளங்கையைப் பிரித்து வைத்தான்.

"இந்தா ருக்கு. தங்கம் வாங்கிக்கோ. நீ எப்பவும் தங்கமா இரு."

ருக்மிணி அதையும் தாம்பாளத்தில் சேர்த்தாள்.

"அப்பா? இருக்கீங்களா? தாம்பாளம் நிரம்பிடுச்சுப்பா."

"இருக்கேம்மா." அப்பா கனைத்துக்கொண்டார். "காலையிலேர்ந்து என் கடைக்கு நூறு பேர் வந்தாங்க. அத்தனை பேரும் சேதாரம் எவ்வளவுன்னுதான் கேட்டாங்க. சாப்டியான்னு ஒருத்தர் கேக்கல. நீ இங்க வர வேண்டாம். மாப்பிள்ளையோட அங்கேயே சந்தோஷமா இரு. நான்தான் உங்களப் பாக்க வரணும்."

ராம்கி புரியாமல் விழித்தான். ருக்மிணிக்கு ஆனந்தம் ஒரு பக்கம், குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். அப்பாவை ஏமாற்றி வாங்கிய சந்தோஷம் எத்தனை நாளைக்கு?

"அப்பா... ஒரு உண்மையச் சொல்லணும். அது வந்து, நிஜத் தங்கமே..."

"அடி அசடே!" அப்பா கடகடவென்று சிரித்தார். "நாப்பது வருஷமா தங்கம் தட்டுல விழற சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன். உன் தாம்பாளம் ஒரு தடவையாவது 'ணங்'குன்னுதா? முதல் தடவை கொட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லு, என்ன அது?"

சிரிப்பும் அழுகையுமாக ருக்மிணி தாம்பாளத்தின் பக்கம் திரும்பினாள்.

"ஆத்தி இலைப்பா! தசராவுக்கு இங்க இதைத்தான் தங்கம்னு... ஐயோ! பாத்திமா அக்கா, சீக்கிரம் வாங்க! உங்க ஆடு என் தங்கத்தைப் பூரா தின்னுடுச்சு!"