தலைப்பாகையின் கடைசிச் சுற்று

ஐகோர்ட்டில் வக்கீல்கள் அறைக்குள் நுழைந்ததும் சிதம்பரநாத முதலியாருக்குத் தலைப்பாகை கட்டிவிடுவது தாண்டவராய பிள்ளையின் வேலை. இருவரும் ஒன்றாக வக்கீல் சன்னது வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். முதலியாருக்கு அது மட்டும் வரவே வராது. மற்றதெல்லாம் வந்தது. பெரிய பெரிய கட்சிக்காரர்கள் வந்தார்கள், இப்போது சட்டசபை அங்கத்தினர் பதவியும் வந்துவிட்டது. அதே பதவிக்கு நின்று தோற்றவர் பிள்ளை.

பதவி ஏற்கும் நாள் காலையிலும் முதலியார் புதுச் சரிகைத் துணியை நீட்டித் தலையைக் குனிந்தார்.

"தாண்டவம், உன் கை பட்டாத்தான்யா இது தலையில நிக்குது."

"நிக்கும், நிக்கும்," என்றார் பிள்ளை. கடைசிச் சுற்றை இறுக்காமல், முனையைப் பேருக்குச் செருகிவிட்டார்.

பிறகு கோட்டைக்குப் போய், பார்வையாளர் வரிசையில் முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தார். எட்வர்டு சக்கரவர்த்திக்கு விசுவாசப் பிரமாணம் செய்துவிட்டு, முதலியார் கவர்னர் துரையைக் குனிந்து வணங்கினார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் சரிந்தது.

முதலியார் பதறவில்லை. கவர்னரைப் பார்த்தபடியே துணியை மளமளவென்று சுற்றி, இறுக்கி, முனையைச் செருகினார். பிள்ளை ஒருநாளும் கட்டியிராத அழகோடு அது நின்றது.

மறுநாள் காலை முதலியார் வக்கீல்கள் அறைக்கு வந்தார். வழக்கம்போல் பிள்ளையிடம் துணியை நீட்டித் தலையைக் குனிந்தார்.

"கட்டு, தாண்டவம்."