இடது பக்கம் இழுக்கும் வண்டி

"சோலை அண்ணே, எஸ்யூவி ஸ்டியரிங் லூசா இருக்கு. சமயநல்லூர் வந்தாலே இடது பக்கமா இழுக்குது. உருட்டிக்கிட்டு வீடு வந்து சேர லேட்டாயிருது" என்றார் விக்டோரியா டீச்சர்.

"நான் எடுத்துட்டுப் போனாலும் அதே கததான்" என்றார் கணவர் கிறிஸ்துராஜ்.

மெக்கானிக் சோலை சிரித்தார். "தவக்காலம்னு ரெண்டு பேரும் கறிய விட்டுட்டீக. கையில தெம்பில்ல போல."

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "ஸ்டியரிங்க சக்கரத்தோட சேக்குற டை ராடு எண்டு தேஞ்சிருக்கு. லோக்கல் சாமானா, கம்பெனி சாமானா?"

"கம்பெனியே போடுங்கண்ணே. அவ தனியா ஓட்டிட்டு வாரவ" என்றார் கிறிஸ்துராஜ்.

மாட்டி முடித்ததும் இருவரையும் பின்னால் உட்காரவைத்து, சோலையே ஓட்டிப் பார்த்தார். ஆரப்பாளையத்துப் பட்டறையிலிருந்து சமயநல்லூர் வரை வண்டி நூல் பிடித்ததுபோல் போனது.

"இப்ப இழுக்கலைல? பசிக்குது, ரெண்டு பரோட்டா தின்னுட்டு வாரேன்" என்று இடது பக்கக் கடையில் ஓரங்கட்டினார்.

"இந்தக் கடை வேணாம்ணே" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். "வாங்க டீச்சர், ஈரல் சூடா இருக்கு. அட, சாருமா? உங்களுக்கு எப்பவும்போல மட்டன் சுக்காதானே? ஆமா, நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவுகளா?"

பின்சீட்டில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சோலை மெதுவாகத் திரும்பினார். "வண்டிக்குத்தான் இன்னும் அலைன்மென்ட் பாக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் பக்காவா இருக்கு."