வலப்பக்கம் சாயும் கார்

“ஏனுங்க மேஸ்திரி, நான் ரேஸ் கார் கேட்டனா, போர்வெல் ரிக் வண்டி கேட்டனா?”

எடைமேடைச் சீட்டை வெள்ளியங்கிரியின் மூக்குக்கு நேராக நீட்டினான் சிவக்குமார். போன மாதம் எண்ணூற்று இருபது கிலோ இருந்த கார், இன்று தொள்ளாயிரத்து எண்பது.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டுகிறவர் வெள்ளியங்கிரி. சீட்டை வாங்கி, முன்பக்கத்தைப் பார்த்து, ஒன்றுமே எழுதாத பின்பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

“கை பழக்கமுங்க தம்பி. முப்பது வருசமா லாரிக்கே அடிச்ச கை. மெல்லிசாத் தகடு வெச்சா மனசு ஒப்ப மாட்டேங்குதுங்க.”

எருமப்பட்டியில் ஒரு கோழிப்பண்ணைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. டிரைவர் சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, இன்ஜினைத் தானே பிரித்து மாட்டி, மூன்று வருடமாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருக்காமல் உழைத்திருந்தான் சிவக்குமார். பாடி வேலைக்குக் கார் ஒர்க்‌ஷாப்பில் கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் லாரிப் பட்டறைக்கு வந்தான். வினையும் கூடவே வந்தது.

வரும் ஞாயிறு கோயமுத்தூரில் புதியவர்களுக்கான ரேஸ். காலையில் ஓட்டிக்காட்டும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“ரெண்டு நிமிசத்துல இது பட்டறை கேட்டைக்கூடத் தாண்டாதுங்க” என்றான் சிவக்குமார்.

“நல்லாக் கேளுங்க” என்றாள் அவன் மனைவி பிரவீனா. பட்டறைக்கு அவன் கிளம்பும்போதெல்லாம் அவளும் கிளம்பிவிடுவாள். அவனைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகம். “மனுசன் சோறு தண்ணி இல்லாமக் கெடந்து செஞ்ச வண்டிங்க மேஸ்திரி. இப்படிப் பண்ணி வெச்சிருக்கறீங்களே, நாயமுங்களா?”

வெள்ளியங்கிரி அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிவக்குமார் குனிந்து காரின் அடியைப் பார்த்தான்.

“ஆளே ஏறல, அதுக்குள்ள வலது பக்கம் சாயுது. இந்தக் கதவுக்குள்ள என்னங்க வெச்சீங்க?”

“இரும்பு ஆங்கிளுங்க.”

“எத்தனை?”

“மூணுங்க.”

“இடது கதவுல?”

“அது வெறும் தகரந்தானுங்க. ஆங்கிள் தீந்துபோச்சுங்க.”

சிவக்குமார் தலையில் அடித்துக்கொண்டான். சீட்டுக்கடியில் லாரித் தகடு. முன்னால் லாரி பம்பர். வாரம் ஒருமுறை சண்டை போட்டு எடுக்கச் சொன்னால், அடுத்த வாரம் வேறு ஓர் இடத்தில் இரும்பு முளைத்திருக்கும். இந்த மனிதரோடு மல்லுக்கட்டியே அவனுக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும் போலிருந்தது.

“போதுமுங்க சாமி. வெச்சது அத்தனையும் இன்னைக்கே வெட்டி எடுக்கறீங்க.”

“வெட்டலாமுங்க. கட்டிங் வீல்தான் இல்லீங்க.”

“அதுவும் தீந்துபோச்சா? நானே போயி வாங்கிட்டு வாரேன். பிரவீனா, நீ இங்கயே நில்லு. இவரு ஒரு ஆணிகூடச் சேத்தக் கூடாது.”

“கண்ணு கொட்டாமப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க” என்றாள் பிரவீனா.

பைக் தெருமுனை திரும்பியது. வெள்ளியங்கிரி கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் சலிப்போடு உட்கார்ந்தார்.

“ஏனுங்க அம்மணி, நீங்க போன் பண்ணிச் சொல்லச் சொல்லத்தான் நானும் இரும்பு வெச்சேன். பேச்சு வாங்கறதும் நான்தான். அது பத்தாதுன்னு நீங்களும் அவருகூடச் சேந்து திட்டறீங்க. இப்ப எதைங்க வெட்டறது?”

தெருமுனையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள் பிரவீனா. அவள் குரல் இறங்கியிருந்தது.

“ஆசைப்பட்டுட்டாரு, ஓட்டட்டுமுங்க. எல்லாத்தையும் வெட்டிருங்க. அவரு ஒக்கார்ற பக்கத்துக் கதவை மட்டும் தொட்டுறாதீங்க.”