கனமான கோப்பை

காட்டுக் கல்லூரியில் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கு ஒரு கோப்பை கொடுப்பார்கள். நாற்பது வருஷமாக அதை வாங்கியதெல்லாம் மான்கள்தான். இந்த வருஷம் கோல்கீப்பர் எருமைக்கும் விழா அழைப்பு வந்தது. அதற்கு இது கல்லூரியில் கடைசி வருஷம். கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தது.

மேடையில் காகம் பெயரை வாசித்தது. மறுபடியும் மான்!

எருமை விறுவிறுவென்று காகத்திடம் போனது. "இறுதி ஆட்டத்துல ஒன்பது கோலைத் தடுத்தேனே, யாருமே பாக்கலையா?"

"ஓட்டு அதுக்கு முந்தின வாரமே போட்டாச்சுப்பா."

"போட்டது யாரு?"

"முன்னாடி கோப்பை வாங்கினவங்க."

"அத்தனையும் மானா! மத்த ஆட்டத்தையாவது பாத்தாங்களா?"

"எங்க பாக்கறது? அவங்க இருக்கறது அடுத்த மலையில. யாரு நிறைய கோல் போட்டாங்கன்னு கேட்டாங்க, சொன்னேன்."

"கோல்கீப்பர் எங்கய்யா கோல் போடுவான்? அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

காகம் குரலைத் தாழ்த்தியது. "கோப்பை ரொம்ப கனம். மானால தனியாத் தூக்க முடியாது. கொஞ்சம் ஒரு கை பிடியேன். போட்டோ எடுக்கும்போது மட்டும் குனிஞ்சுக்கோ."