நூற்றுக்குக் கீழே

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லார் கழுத்திலும், வீட்டில்கூடக் கழற்றக்கூடாத தூசி மீட்டர் தொங்கியது. முப்பது பேரின் அளவையும் கூட்டிச் சராசரி எடுப்பதுதான் மரகதம் டீச்சரின் புள்ளியியல் பாடம். சராசரி நூற்றுக்குக் கீழே இறங்கினால்தான் வெளியே விளையாட அனுமதி. நேற்று நூற்று மூன்று.

இன்று தொண்ணூற்று மூன்று வந்ததும் வகுப்பே கத்தித் தீர்த்தது. மூன்று மாதமாக மைதானத்தை ஜன்னல் வழியே பார்த்த பிள்ளைகள்.

"காத்து சுத்தமாயிடுச்சா டீச்சர்?"

"எங்க ஆச்சு? உங்களுக்கெல்லாம் நேத்து அளவேதான். சாம்பல் கிடங்குப் பக்கத்து யாழினிக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. அவளோட முந்நூத்தித் தொண்ணூறு கணக்குல இல்ல."

முதல் பெஞ்சு பெனிட்டா நோட்டில் கூட்டி வகுத்துப் பார்த்துவிட்டுக் கை தூக்கினாள்.

"அப்போ அவ நாளைக்கும் வரலேன்னா, நாளைக்கும் விளையாடலாம்ல டீச்சர்?"

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மரகதம் கதவைத் திறந்துவிட்டாள்.