ஏழாம் பக்கம்

"காலங்காத்தால சாவுச் செய்திதான் கிடைச்சுதா இந்த மாமாவுக்கு?"

அடுப்படியில் அவள் முணுமுணுத்தது கூடம் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டவர்கள் காட்டிக்கொள்ளவில்லை.

கமா மாமா அதற்குள் பேப்பரின் ஏழாம் பக்கத்துக்குப் போய்விட்டார்.

"ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கமா, வயது தொண்ணூற்று இரண்டு, கமா, நேற்று காலமானார், புள்ளி."

"தொண்ணூத்தி ரெண்டா? நல்லா இருந்துட்டுத்தான் போயிருக்கார்" என்றார் அப்பா.

அச்சகத்தில் முப்பது வருஷம் இரண்டு பேருக்கும் ஒரே மேஜை. மாமா கையெழுத்துப் பிரதியைக் கமா, புள்ளி விடாமல் உரக்கப் படிப்பார். அப்பா சிவப்புப் பென்சிலோடு புரூஃப் திருத்துவார். பள்ளிக்கூடம் விட்டதும் அந்த மேஜைக்கடியில் உட்கார்ந்துதான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்த மை வாசனையையும் அந்தக் குரலையும் இப்போது நினைத்தாலும் மனசுக்கு இதமாக இருக்கும். 'கமா மாமா' என்று பெயர் வைத்ததே அவள்தான்.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து மாமா தினமும் வந்து பேப்பர் படித்துக் காட்டுகிறார். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகியும், "பொடி எழுத்து இன்னும் மங்கல்தாம்மா" என்கிறார் அப்பா.

படிக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் இதையா? தாத்தாவும் சரி, பெரியப்பாவும் சரி, எழுபதைத் தொடாமலே போய்ச் சேர்ந்தவர்கள். அப்பாவுக்கு அடுத்த மாதம் எழுபது. உட்கார்ந்தால் எழுந்தால் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற மனுஷர்.

அப்பா குளிக்கப் போனதும் மாமா கையிலிருந்து பேப்பரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா மாமா? அவர் ஏற்கெனவே..."

கண் ஏழாம் பக்கத்தில் பட்டது. வங்கி அதிகாரி, வயது அறுபத்து நான்கு. கீழே ஒரு ஆசிரியை. மாமா எண்பத்தெட்டு என்று படித்தாரே, இங்கே ஐம்பத்தொன்பது என்றல்லவா இருக்கிறது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷர்.

"என்ன மாமா இது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "முப்பது வருஷத்துல ஒரு எழுத்தை மாத்திப் படிச்சதில்லம்மா. இப்ப இது ஒண்ணுதான். எல்லாரும் தொண்ணூறு வரைக்கும் இருக்காங்கன்னு நினைச்சு தைரியமா இருக்கட்டுமே. அவன் போயிட்டா நான் யாருக்கும்மா படிக்கிறது? அவன்கிட்ட சொல்லிடாதே."

 அவள் மாமாவுக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

அன்றைய பேப்பரை வேறு யாரும் எடுத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிடக் கூடாது. அவர் அலமாரியிலிருந்த பழைய பேப்பர் கட்டுக்குள் அடியில் செருகிவிடலாம் என்று கட்டைப் பிரித்தவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று மாதத்து ஏழாம் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் அச்சான வயதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, மாமா படித்த வயது ஓரத்தில் எழுதியிருந்தது. அப்பாவின் கையெழுத்து.

துண்டால் தலையைத் துவட்டியபடி அப்பா பின்னால் வந்து நின்றார்.

"இன்னிக்குப் பேப்பரையும் குடும்மா, திருத்தணும். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. பாவம், பயந்துடுவான்."